செக்போஸ்ட்டுக்கு முன்னாடி இறங்கின பத்துப் பேர்

நாலு வருஷத்துக்கு முன்னாடி, நான் கம்பத்துல ஜீப் ஓட்டிக்கிட்டிருந்தப்போ நடந்தது இது. விடிஞ்சும் விடியாமலும் ஏலத்தோட்டத்து வேலையாளுகளை ஏத்திக்கிட்டு மலையேறணும், சாயங்காலம் கூட்டிக்கிட்டு இறங்கணும். அதான் பொழப்பு.

எட்டுப் பேர் போற வண்டியில பதினெட்டுப் பேரை ஏத்துவோம். எல்லா ஜீப்பும் அப்படித்தான். செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியே பத்துப் பேர் இறங்கிக்கிருவாக. அங்கன ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு. அது வழியா ஏறி, மேல ரெண்டாவது வளைவுக்கு வந்துருவாக. நான் எட்டுப் பேரோட யோக்கியன் மாதிரி செக்போஸ்ட்டைத் தாண்டிப் போயி, அந்த வளைவுல காத்திருந்து அவுகளை ஏத்திக்கிருவேன். இதை வெளியாளுககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு ஸ்டாண்டுல எங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு.

ஒரு நாள் காலையில அதே மலை ரோட்டுல, அந்த வளைவுக்கும் ரொம்ப மேல, நடந்து போன தோட்டத்துக் காவக்காரர் ஒருத்தரை ஒரு ஜீப் அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிருச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து மனுசன் செத்துப் போனாரு. பார்த்த டீக்கடைக்காரர் வெள்ளை ஜீப்பு, நீலத் தார்ப்பாய்னு சொன்னாரு. என் வண்டியும் அதேதான். முன் பம்பர்ல பழைய நசுங்கல் வேற. செக்போஸ்ட் கேமராவுல ஆறு பத்துக்கு நான் தாண்டுறது பதிவாகியிருந்துச்சு. அங்கயிருந்து அந்த இடம் கால்மணி நேரம். அவரு அடிபட்டது ஆறு இருபத்தஞ்சுக்கு.

வழியில எங்கயாவது நின்னியான்னு ஸ்டேஷன்ல கேட்டாக. நிக்கலைன்னேன். எத்தனை பேர்னு கேட்டாக. எட்டுன்னேன். வண்டியில இருந்த எட்டுப் பேரும் எனக்காக அதையே சொன்னாக. நான் அந்த இடத்துக்குப் போறப்பவே அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போயாச்சு, கூட்டம் கலைஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதையும் சொன்னேன். எங்கயும் நிக்காதவன் எப்படிய்யா அம்புட்டு லேட்டாப் போனேன்னு கேட்டதுக்கு, மெதுவா ஓட்டினேன்னு உளறினேன். பதினஞ்சு நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்தேன். வண்டி ஸ்டேஷன்ல கிடந்துச்சு. தண்டனை ஆயிட்டா லைசென்ஸும் போயிரும், வருஷக்கணக்குல ஜெயிலும் உண்டு. வீட்டுல ரெண்டும் சின்னப் பிள்ளைக.

உத்தமபாளையத்துல என் வக்கீல் ஒரு பாய். நான் எதையோ முழுங்குறேன்னு அவருக்கு சந்தேகம். கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போயி, பழனிசெட்டிபட்டியில தனியார் துப்பறியும் ஆபீஸ் வச்சிருந்த ஒரு அம்மாகிட்ட விசயத்தை ஒப்படைச்சாரு. அவுகளுக்கு முக்கால்வாசி வேலை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறதுதானாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலுமா வந்துச்சு. மாப்பிள்ளை விசாரிக்கிற அம்மாவுக்கு மலை ரோட்டுல என்ன வேலைன்னு வீட்டுல புலம்பினேன்.

அவுக என்கிட்ட ஒரு கேள்வி கூடக் கேக்கல. ஒரு வாரம் கையில தூக்குவாளியோட காலையில ஸ்டாண்டுக்கு வந்து, என் பழைய ஆளுக போற வேற ஜீப்புல ஏறி உக்காந்திருக்காக. மொத நாளே செக்போஸ்ட்டுக்கு முன்னாடி பொம்பளையாளுக இறங்கவும், இவுகளும் இறங்கி அந்தப் பாதையில மூச்சு வாங்க ஏறியிருக்காக. அவ்வளவுதான், என் ரகசியம் அம்புட்டும் வெளிய வந்துருச்சு.

நாலஞ்சு நாள் கூடவே நடந்து, சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்ட பெறகுதான் அந்த நாளைப் பத்தி மெதுவாப் பேச்சைக் கொடுத்திருக்காக. அன்னைக்கு ஒரு அக்காவுக்குச் செருப்பு வார் அந்துபோயி எல்லாருமே லேட்டு. அதுல ஒரு பொண்ணு, வளைவுல நின்ன என் ஜீப்பு முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருக்கு. வண்டி நம்பர் பளிச்சுன்னு தெரியுது. போன்ல நேரம் ஆறு முப்பத்தஞ்சு. அவரு அடிபட்டுப் பத்து நிமிசம் ஆன பெறகும் என் வண்டி ரொம்பக் கீழேதான் நின்னிருக்கு.

அப்புறம்தான் எங்க வீட்டுக்கு வந்தாக. போட்டோவைக் காட்டிட்டு, "மாப்பிள்ளை வீட்டுல குடிப்பழக்கத்தைக் கூடச் சொல்லிப்புடுவாக தம்பி. சின்ன விசயம், சுகர் இருக்குறதைப் போயி மறைப்பாக"ன்னாக. என் பொண்டாட்டி சிரிச்சுப்புட்டா. எனக்குத் தலை நிமிரல.

கோர்ட்டுல பத்துப் பேரும் வேலையை விட்டுட்டு வந்து சாட்சி சொன்னாக. அரசு வக்கீல் மிரட்டிப் பார்த்தாரு. செருப்பு வார் அந்துபோன அக்கா மட்டும், "பதினெட்டுப் பேர்தான்யா போனோம். இதுல எங்களுக்கு என்ன பயம்?"னு சொன்னாக. எனக்கு விடுதலை ஆச்சு. ஆள் கூட ஏத்தினதுக்கு அபராதம், மூணு மாசம் லைசென்ஸ் முடக்கம். நான் பயந்து செத்ததெல்லாம் இதுக்குத்தான். ஸ்டாண்டுல ரெண்டு வாரம் என்னோட யாரும் பேசல, பெறகு பேசினாக.

வெளிய வந்தப்போ காவக்காரரோட சம்சாரம் வாசல்ல நின்னாக. ஒன்றரை வருஷமா ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து என்னையவே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாக. திட்டப் போறாகன்னு நினைச்சேன். "நீ இல்லேன்னா, எங்க வீட்டுக்காரரை அடிச்சது யாரு தம்பி?"ன்னு கேட்டாக.

எனக்குத் தெரியல. வக்கீல் பாய்க்கும் தெரியல. போலீஸ் கையில ஒரு ஆளும், அவன் சொன்ன வாக்குமூலமும் இருந்ததால வேற எந்த ஜீப்பையும் யாரும் தேடலை. இனிமே தேடணும்னாலும் என் வண்டி தாண்டின துண்டைத் தவிர, அன்னைக்குக் காலையில பதிவான கேமரா படம் எதுவும் மிச்சமில்லைன்னு அந்தத் துப்பறியும் அம்மாவே சொல்லிட்டாக. பத்துப் பேரை மறைக்கிறதா நினைச்சுக்கிட்டு, அவரை அடிச்சவனையும் சேர்த்து நானே மறைச்சு வச்சிருந்திருக்கேன்கிறது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.