புகழேந்தி தைத்த பி.பி. பட்டை

ஆம்பூர் பைபாஸ் பக்கம் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி வைத்திருக்கும் சம்பத் என்ற என்னைத் தெரியாதவர் கம்மி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பதனிடாத பச்சைத் தோல் சுமந்த இந்தத் தோளில் இன்று ஜெர்மனிக்காரன் கை போட்டு போட்டோ எடுத்துக்கொள்கிறான். ஆனால் இங்கே என்னைப் பற்றி எழுத வரவில்லை. என் கட்டிங் மாஸ்டர் புகழேந்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவனைக் கண்டுபிடித்தவன் நான் என்பதை மட்டும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன்.

மாதனூர்க்காரன். தோலை விரித்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், எந்த இடம் இழுபடும், எந்த இடம் இறுகும் என்று சொல்லிவிடுவான். தோலைத் தவிர மற்ற விஷயத்துக்கும் தோலிலேயே வழி தேடுவான், அதுதான் அவனிடம் பேஜார். ஒருமுறை வீட்டில் குக்கர் வளையம் போனதற்கு ஆட்டுத்தோலில் ஒன்று வெட்டி மாட்டினான். ஒரு வாரம் சாம்பாரில் ஷூ வாடை.

அவனுக்கும் அவன் மனைவி பூர்ணிமாவுக்கும் பதினோரு வருஷம் குழந்தை இல்லை. பிறகு வேலூரில் டெஸ்ட் டியூப் முறையில் தமிழினி பிறந்தாள். இப்போது ஏழு வயது. நடை என்பதே கிடையாது, எல்லாம் ஓட்டம்தான். பள்ளி விளையாட்டு விழாவில் ஐம்பது மீட்டருக்குப் பேர் கொடுத்திருந்தாள்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூர்ணிமா செல்போனில் ஒரு வீடியோ பார்த்தாள். இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு ரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கலாம், ரத்தக் குழாய் கொஞ்சம் இறுகியிருக்கலாம் என்று அதில் யாரோ சொன்னார்கள். 'கொஞ்சம்' என்பதும் 'இருக்கலாம்' என்பதும் அவள் காதில் ஏறவில்லை. அன்றே பி.பி. மிஷின் வந்தது. அதிலிருந்தது பெரியவர்களுக்கான பட்டை. குழந்தை கையில் தொளதொளவென்று தொங்கியது. வேறு எவனாவது மருந்துக் கடைக்குப் போய்க் குழந்தைப் பட்டை கேட்டிருப்பான். புகழேந்தி என்னிடம் வந்து தோல் கேட்டான்.

நான் சும்மா இருப்பேனா? எக்ஸ்போர்ட்டுக்கென்று பூட்டி வைத்திருந்த ஆட்டுத்தோலில் ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். பட்டைக்குள் இருந்த காற்றுப் பையைப் பாதியாக மடித்து, மேலே தோல் போர்த்தி, இரட்டைத் தையல் போட்டு, பக்கிள் வைத்து, மூன்று விரல் அகலத்தில் முடித்துவிட்டான். அப்படி ஒரு வேலை இத்தாலியிலும் கிடையாது. நான் இத்தாலி போனதில்லை, ஆனால் அங்கிருந்து வரும் சாம்பிள் எல்லாம் என் கைக்குத்தான் வரும்.

முதல் நாள் நூற்று நாற்பத்தெட்டு காட்டியது. மறுநாள் நூற்று ஐம்பத்திரண்டு. பூர்ணிமா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதோடு ஓட்டம் கிடையாது, மாடிப்படி கிடையாது, ஊறுகாய் கிடையாது. தமிழினி ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொன்னாள்.

"டைட்டா கீதுப்பா."

"புதுத் தோலு அப்டிதாம்மா, மொதல்ல புடிக்கும். போடப் போட எளகிடும்."

இந்த ஊரில் ஷூ வாங்கிய எல்லாரும் கேட்ட பதில் இது. நானே ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். அதனால் எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

ஓட்டப் பட்டியலிலிருந்து பேரை எடுக்கச் சொல்லப் பூர்ணிமா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் அவளை நிறுத்தி, மூவரையும் என் காரில் ஏற்றி வேலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பிரிசில்லா கரடி படம் போட்ட துணிப் பட்டையைக் குழந்தை கையில் கட்டி அளந்தார். தொண்ணூற்றெட்டு. மூன்று தடவையும் ஏறக்குறைய அதேதான். ஆஸ்பத்திரி மிஷின் ரிப்பேர் என்றுதான் நான் நினைத்தேன். புகழேந்தி பையிலிருந்து தன் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான் மேடம். தோலு மொதலாளி குடுத்தாரு."

"தையல் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அகலம் பத்தாத பட்டை பி.பி.ய ஜாஸ்தியாத்தான் காட்டும். இத என் கையில கட்டினா என்னையே அட்மிட் பண்ணணும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். சில ஆராய்ச்சிகளில் இந்தக் குழந்தைகளுக்குப் பி.பி. லேசாகக் கூடுதலாகத் தெரிந்திருக்கிறதாம், சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லையாம். அப்படியே இருந்தாலும் அது சிகிச்சையாலா, தாய் தகப்பன் உடம்பாலா என்பது இன்னும் தீர்மானமாகவில்லையாம். வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

"ஓடலாமா மேடம்?" என்று பூர்ணிமா கேட்டாள்.

"ஓடணும்."

திரும்பும்போது பள்ளிகொண்டா தாண்டியதும் புகழேந்தி மெதுவாகச் சொன்னான்: "கொழந்த டெய்லி சொன்னா மொதலாளி, டைட்டா கீதுன்னு."

நான் ஒரு கடையோரம் காரை நிறுத்தி, தமிழினிக்கு ஊறுகாய் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன்.

விளையாட்டு விழாவுக்கு மகளுக்கென்று தன் கையாலேயே சிவப்பு ஷூ தைத்திருந்தான். அவள் கோட்டில் நின்று காலை இரண்டு தட்டு தட்டினாள்.

"டைட்டா கீதுப்பா."

போடப் போட இளகிடும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பழக்கம் விடுமா? அதற்குள் புகழேந்தி மண்ணில் மண்டி போட்டு இரண்டு ஷூவையும் கழற்றிவிட்டான். விசில் ஊதினார்கள்.

மூன்றாவதாக வந்தாள். அவ்வளவு ஷூ கம்பெனிக்காரர்கள் கூடியிருந்த மைதானத்தில் வெறுங்காலோடு மேடை ஏறியவள் அவள் ஒருத்திதான். இரண்டு கையிலும் ஷூவைப் பிடித்திருந்ததால் புகழேந்தியால் கைதட்ட முடியவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் தட்டினேன். பச்சைத் தோல் தூக்கிய கை, சத்தம் கேட்டு மேடையே திரும்பிப் பார்த்தது.