முதலிடத்துக்கு வந்த கடைசி பஸ்

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்கு மஹய்யாவ சந்தியில் நான் முதலில் பார்த்தது என் நண்பனின் பற்களை. இரண்டு ஆள் உயரத்துக்கு அச்சடித்திருந்த முகத்தில் அவை தனியாகத் தெரிந்தன. பேனரில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தலைக்கு மேலே கறுப்பு எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே இன்னும் ஏதோ அச்சடித்திருக்க வேண்டும். அந்தப் பகுதி பஸ் தரிப்பிடத்தின் தகரக் கூரைக்குப் பின்னால் போயிருந்தது.

அவன் பகலில் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்ட்டும் விற்பவன். திருவிழாக் காலத்திலும் கல்யாணங்களிலும் எங்கள் பகுதி இசைக்குழுவில் பாடுவான். சொந்தமாக ஒரே ஒரு பாட்டு வெளியிட்டிருந்தான். கடுகண்ணாவையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவன், இன்றிரவு வீட்டுக்கு வரமாட்டேன் என்று மனைவிக்கு ஃபோனில் சமாதானம் சொல்லும் பகிடிப் பாட்டு. அதை எல்லா வானொலிகளுக்கும் அனுப்பினான். எவரும் போடவில்லை.

அவனுடைய ஃபோனுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போனேன். பூட்டு. பக்கத்து வீட்டு அக்கா, “ஊருக்குக் கொண்டுபோய்ட்டாங்க போல. பொஞ்சாதி அழுதுக்கிட்டே பேக்கோட போனத நான் பார்த்தேன்” என்றார். யாரைக் கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

எட்டரை மணிக்கு கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் பேசினார். நான் கண்டியிலிருந்து செய்தி அனுப்புபவன். பேனரின் படம் அதற்குள் முகநூல் வழியாக அவர் மேசைக்குப் போய்விட்டிருந்தது.

“உங்கட ஏரியாப் பாடகர் ஒருத்தர் தவறிட்டாராமே. சின்னதா ஒண்டு அனுப்புங்கோ.”

“குடும்பத்துல யாரும் உறுதிப்படுத்தல சேர்.”

“பேனரே கட்டியாச்சு. பிறகென்ன உறுதி?”

மரணச் செய்தியை உறவினர் வாயால் கேட்காமல் அனுப்பக் கூடாது என்பது நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதே ஆசிரியர் சொன்னது. உறவினர் கிடைக்காததால் பேனர் அச்சடித்த கடைக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டை வீதியில் இருக்கும் கடை. அதை நடத்தும் முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் ‘நானா’, பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கணினியைத் திருப்பி முழுப் பேனரையும் காட்டினார்.

கூரைக்குப் பின்னால் மறைந்திருந்த பகுதியில், வலது மூலையில், முத்திரை அளவில் ஒரு வட்டம், அடியில் ஒரு பெயர். அதற்குள் கீபோட்டுக்குப் பின்னால் குனிந்திருக்கும் ஒரு தலை. முகம் தெரியவில்லை. இசைக்குழுவின் மாஸ்டர் அவர். இறந்தவரும் அவர்தான். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து, கீபோட்டைப் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். மேடையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்வார். நிகழ்ச்சி முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மஹய்யாவயில் அவர் முகம் யாருக்கும் பழக்கமில்லை. கடைசி பஸ் பாட்டுக்கு மெட்டுப் போட்டது அவர்.

“நானா, செத்தவரோட படம் ஏன் இவ்வளவு சின்னது?”

“அவருக்கு ஒழுங்கான படம் இல்ல. ஈக்கிற படத்துலயும் தல மட்டும்தான் ஈக்கி.”

“அதுக்காக இவன் படத்தை இவ்வளவு பெருசாவா?”

நானா குவளையை வைத்தார். “சேர், பேனர் அடிக்கச் சென்ன ஆள்ற படம்தானே பெருசா போடோணும். எல்லாரும் அப்படித்தான் கேக்குற. மௌத்தானவரு வந்து பாக்கப் போறாரா?”

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கத்தில் அஞ்சலி பேனரில் அஞ்சலி செலுத்துபவர்தான் பெரிதாக இருப்பார். பிரதேச சபை உறுப்பினர்கள் இதைத் தொடங்கினார்கள். பிறகு கிரிக்கெட் கழகங்கள், பிறகு எல்லோரும். கூரை மட்டும் இல்லாவிட்டால் யாரும் குழம்பியிருக்கமாட்டார்கள்.

ஆசிரியரைக் கூப்பிட்டு, ஆள் உயிரோடு இருக்கிறான் என்றேன்.

“அப்ப செய்தி இல்லை” என்று வைத்துவிட்டார்.

முகநூலில் அந்தப் படத்துக்குக் கீழே நானே எழுதினேன்: ‘இவர் உயிருடன்தான் இருக்கிறார்.’ சிறிது நேரத்தில் பதில்கள் வந்தன. ‘உண்மை அண்ணா. கலைஞனுக்கு ஏது மரணம்?’ ‘எங்கள் நெஞ்சில் என்றும் உயிருடன்.’ ஒருவர் அழும் முகங்களை வரிசையாகப் போட்டிருந்தார். பேனர் வேறொருவருக்கானது என்று மறுபடியும் எழுதினேன். அதைக் கவிதையாக எடுத்துக்கொண்டார்கள்.

பாடகர் இறந்த வாரத்தில் அவர் பாட்டு மேலே ஏறும் என்பது பத்திரிகை வேலையில் இருப்பவனுக்குப் புதிதல்ல. உயிரோடிருந்தபோது அரைப் பக்கம் கேட்டு நடந்தவர்களுக்கு இறந்த மறுநாள் முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஆனாலும் அன்று பின்னேரமே, நான் சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது வானொலியில் கடைசி பஸ் ஒலித்தது. சலூன்காரர் கத்தரியை நிறுத்தினார்.

“பாருங்க, ‘இனி வரமாட்டேன்’னு பாடி வச்சிட்டுப் போயிருக்கான் மனுசன். தெரிஞ்சிருக்கு.”

“பஸ் போயிருச்சுன்னுதானே பாடுறான்?”

“அதான் சேர். பஸ் போயிருச்சு” என்று அவர் தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர்கள் திரும்பி வந்தார்கள். சந்தியில் நான் காத்திருந்தேன். மாஸ்டரின் தோட்டம் ஒரு பள்ளத்தில் இருப்பதால் அங்கே ஃபோனுக்கு சிக்னல் எடுக்காது என்பதும், இரண்டு நாளும் அவர்கள் மரண வீட்டில்தான் நின்றார்கள் என்பதும் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸிலிருந்து மனைவி முதலில் இறங்கினார். பிறகு அவன், இரண்டு நாள் தாடியோடு. நிமிர்ந்து பேனரைப் பார்த்தான். முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம், “கலர் நல்லா வந்திருக்கு மச்சான்” என்றான்.

அப்போது சந்தியில் நின்ற ஒரு த்ரீவீலில் அவன் பாட்டு போய்க்கொண்டிருந்தது. சாரதி இவனைக் கண்டதும் ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டான். பிறகு இறங்கி வந்து இவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தான்.

“அண்ணே, நீங்க செத்துட்டீங்கன்னு நேத்து ஹயர் போகாம வெள்ளைக் கொடி கட்டுனேன். கழட்டவா?”

“இரு” என்றான் என் நண்பன். “பாட்டு முடியட்டும்.”

பாட்டு முடியும்வரை மூவரும் தரிப்பிடத்தில் நின்றோம். அவன் மனைவி நிற்கவில்லை. நாங்கள் வீட்டை அடைந்தபோது அவர் வாசற்படியில் கிடந்த பார்சல்களைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றார். மரண வீட்டுக்குக் கொண்டுவரும் சாமான்கள்: சீனி, தேயிலை, கிறீம் கிரேக்கர்.

“தோட்டத்துல பொறந்தவளுக்கு தேயிலை கொண்டாந்து வச்சிருக்காங்க பாருங்கண்ணே. கல்லு மாதிரி புருசன் நிக்கிறாரு. இதை நான் எந்தக் கணக்குல உள்ள எடுக்கிறது?”

“எடு. சீனி விக்கிற வெலைக்கு” என்றான் அவன்.

“வாயை மூடுங்க.”

நடந்ததையெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த வானொலியில் நேயர்கள் தெரிவு செய்யும் முதல் பத்துப் பாடல்கள் வரும் என்றும், கடைசி பஸ் அதில் மேலே போகும் போலிருக்கிறது என்றும் சொன்னேன். அவன் கதிரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மச்சான், ஞாயிறு வரைக்கும் என்னைய இப்படியே விட்ரு.”

“எப்படியே?”

“செத்தவனாவே.”

மனைவி கையிலிருந்த சீனிப் பார்சலை மேசையில் போட்டார்.

அவன் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னான்: “பொட்டிய எறக்குறப்ப மாஸ்டரோட மக என் பக்கத்துல நின்னுச்சு. ‘அப்பா போட்ட மெட்டு ரேடியோவுல ஒருநாளாவது வருமா மாமா’ன்னு கேட்டுச்சு. அந்த நேரத்துல என்னத்த சொல்றது? கட்டாயம் வரும்னேன். வாக்குக் குடுத்துட்டு வந்து பஸ்ஸை விட்டு எறங்குனா, பாட்டு போகுது. நான் உயிரோட இருக்கேன்னு இப்ப சொன்னா நாளைக்கே நிப்பாட்டிருவாங்க. மாஸ்டர் பேரை இன்னும் ஒருத்தனும் சொல்லல.”

“அதுக்கு நீங்க சாகணுமா?” என்றார் மனைவி.

“ரெண்டு நாளுதானே.”

சனிக்கிழமை அவன் மனைவி வேண்டுமென்றே பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு, தலையில் பூவோடு கடைக்குப் போனார். யார் கேட்டாலும், “அவரு உள்ள படுத்திருக்காரு” என்றார். கடையில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அவரைத் தனியாக விட வேண்டாம் என்று என்னிடம் சொல்லியனுப்பினார்கள். அன்று மாலைக்குள் இன்னும் இரண்டு பார்சல் சீனி வந்தது. த்ரீவீல் சாரதி தான் அவனைத் தொட்டுப் பார்த்ததாகச் சந்தி முழுக்கச் சொன்னான். கேட்டவர்கள் அவனுக்குத் திருநீறு பூசச் சொன்னார்கள்.

ஞாயிறு பின்னேரம் வானொலியிலிருந்து அழைப்பு வந்தது. பாட்டோடு அனுப்பிய கடிதத்தில் அவன் இலக்கம் இருந்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் நேரலையில் பேச முடியுமா என்று அறிவிப்பாளர் கேட்டார்.

“தம்பி பேசுறேன்” என்றான் அவன், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

“அண்ணாவின் குரல் அப்படியே இருக்கிறதே!”

“குடும்பக் குரலுங்க.”

நேரலைக்கு முன் கண்ணாடியில் பார்த்துத் தலை வாரினான். வானொலிக்குத் தலை தெரியாது என்று மனைவி நினைவுபடுத்தினார். ரேடியோ பக்கத்தில் இருந்தால் அவன் பேசும்போது எதிரொலிக்கும் என்பதால் அதை அறைக்குள் கொண்டுபோய் நானும் அவரும் கேட்டோம். பத்தாவது, ஒன்பதாவது என்று இறங்கி, இரண்டாவது முடிந்தது. அறிவிப்பாளர் குரலை மாற்றினார்.

“இந்த வாரம் முதலாம் இடத்தில், தானே எழுதி, தானே இசையமைத்து, தானே பாடி, நம்மை விட்டுப் பிரிந்த கண்டி மண்ணின் அந்தக் கலைஞன். அவருடைய அன்புத் தம்பி இப்போது நம்மோடு. வணக்கம்.”

முன்னறையிலிருந்து ஒருமுறையும் ரேடியோவிலிருந்து ஒருமுறையுமாக அவன் குரல் கேட்டது.

“வணக்கம். மெட்டு அவரு போட்டது இல்லீங்க.”

“மன்னிக்கவும்?”

“மெட்டு எங்க மாஸ்டரு போட்டது. புசல்லாவைக்காரரு. செத்தது அவருதான்.”

“அப்படியானால்... அண்ணா?”

“அண்ணன் நான்தாங்க. தம்பியே இல்ல.” தொடர்ந்து மாஸ்டரின் முழுப் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அவர் இறந்த கிழமையையும் நிதானமாகச் சொன்னான். இரண்டாம் தடவையும் பெயரைச் சொல்லத் தொடங்கியபோது மிளகாய்த்தூள் விளம்பரம் வந்தது.

விளம்பரம் போகும்போது அறிவிப்பாளர் ஃபோனிலேயே இருந்தார். அவன் ஸ்பீக்கரில் போட்டதால் எங்களுக்கும் கேட்டது. நேரலைத் தமிழை அவர் விட்டுவிட்டிருந்தார்.

“என்ன வேல இது அண்ணன்? சனம் செத்தவருக்கெண்டு நினைச்சுத்தானே வாக்குப் போட்டது?”

“செத்தவருக்குத்தானே போயிருக்கு.”

மூன்று விளம்பரங்கள் போயின. பிறகு அறிவிப்பாளர் நேரலைக்குத் திரும்பி, இந்த வாரம் முதலிடத்தில் அமரர் ஒருவரின் இசையில் உருவான பாடல் என்று சொல்லி மாஸ்டரின் பெயரைச் சரியாக வாசித்தார். பாடியவர் யார் என்பதைச் சொல்லவில்லை. பாட்டு முழுதாகப் போனது. பக்கத்து வீட்டிலிருந்தும் அதே பாட்டு கேட்டது. என் நண்பன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான்.

அடுத்த சில நாட்கள் அவனுக்குச் சிரமமாக இருந்தன. முகநூலில் அவனை ஏமாற்றுக்காரன் என்றார்கள். ‘என் கண்ணீரைத் திருப்பித் தா’ என்று ஒருவர் எழுதினார். ஹாட்வெயார் கடைக்கு வந்து ஒருவர் அவனைப் பார்த்துவிட்டு ஆணி வாங்காமல் போனார். அடுத்த ஞாயிறு பட்டியலில் கடைசி பஸ் இல்லை. மனைவி சீனியைத் திருப்பிக் கொடுக்க வீடு வீடாகப் போனார். வாங்க மறுத்தவர்களே அதிகம். செத்த வீட்டுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுத்தால் ஆகாது என்றார்கள்.

மாஸ்டரின் பதினாறாம் நாளுக்கு அவன் புதுப் பேனர் அடித்தான். நானும் கூடப் போனேன். மாஸ்டரின் தலையை மட்டும் பெருப்பித்துப் போடச் சொன்னான்.

நானா படத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். “பெருசாக்கினா தல மயிர்தான் தெரியும். ஒங்கட படத்த எங்க போடுற?”

“என் படம் வேணாம் நானா.”

“யாருமே இல்லாத பேனரா?” என்று நானா என்னைப் பார்த்தார். இருந்தாலும் அடித்துக் கொடுத்தார். நரைத்த தலைமுடியும் கீபோட்டின் ஒரு ஓரமும்.

அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு புசல்லாவை பஸ்ஸில் போனோம். பிரதான வீதியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே பள்ளத்தை நோக்கி நடந்தோம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் சுவரில் பேனரைக் கட்டியபோது மாஸ்டரின் மகள் வெளியே வந்து பார்த்தாள். “அப்பாதான்” என்றாள்.

“கேட்டியாம்மா?” என்றான் அவன். “மொத எடம். அப்பா பேரை முழுசா சொன்னாங்க. தோட்டத்துப் பேரையும் நான் சொன்னேன்.”

அவள் அவனையும் என்னையும் பார்த்தாள். உள்ளே போய் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

அந்தப் பள்ளத்தில் அந்த வானொலியும் எடுக்காது.