வீட்டில் எத்தனை பேர்

வேலை கிடைத்துவிட்டது, தங்க இடம்தான் கிடைக்கவில்லை. மலேசியாவில், பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை, குமாஸ்தா மாதிரி. ஆலைக்குப் போகும் லாரிகளின் எடையைக் கணினியில் பதிய வேண்டும். மூன்று மாதம் ட்ரையல். நான் கெடாக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்து டிப்ளோமாவும் வாங்கிய முதல் ஆள்.

"தோட்டத்துக்குள்ளேயே தங்கணும், தம்பி. வேலையாளுங்க தங்கற கொங்சி முழுக்க பங்களாதேஷ் ஆளுங்க, எடமில்ல. லயத்துல யார் வீட்டுலயாவது கேட்டுப் பாரு. திங்கக்கெழமைக்குள்ள எடம் கெடைச்சா வேலைக்கு வா. இல்லேன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார் மானேஜர். சிரம்பான் தமிழர், நன்றாகப் பேசுகிறவர்.

சட்டையை உள்ளே விட்டு, சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போனேன். பாதி வீடுகளுக்குக் கூரையே இல்லை. ஆள் இருந்த முதல் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். எடுத்த எடுப்பில் இடம் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

"வணக்கம்யா. உங்க வீட்ல எத்தன பேரு இருக்கீங்க?"

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "எதுக்கு?"

"சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

"சும்மா கேக்கறவனுக்கு ஃபைல் எதுக்குடா?"

அடுத்த வீட்டில், நான் வாயைத் திறப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கடுத்த வீடு அச்சு அசலாக நாங்கள் கெடாவில் இருந்த வீடு மாதிரியே இருந்தது. பச்சைப் பலகை, வாசலில் செம்பருத்தி. கைப்பேசியில் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"டேய்! என்னத்தடா புடிக்கற?"

செம்பனை உதிரிப்பழம் பொறுக்கப் போய்விட்டுத் திரும்பிய ஒரு அக்கா, பூட்ஸ் காலோடு நின்றார். அது அவர் வீடுதான். பின்னால் அவர் கணவரும் வந்தார். அனுப்பியது அம்மாவுக்கு என்றேன். அக்கா காட்டச் சொன்னார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, குரலில்தான் பதில் அனுப்புவார். நல்லவேளையாக அப்போதே வந்துவிட்டது: "நம்ம வீடு மாரியே இருக்கேப்பா. சாப்டியா?"

"யாரையாச்சும் பேச வச்சி அனுப்பச் சொல்ல முடியாதா?" என்றார் அக்கா.

"எங்கம்மாக்கா!"

"எந்த ஊரு?"

"கெடா."

"ஊருக்கே அரிசி போடற எடம். அங்க ஒனக்கு ஒரு வேல இல்லாமயா போச்சு லா?" என்று கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகுதான் காரணத்தைச் சொன்னார்கள். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்கப் போவதாகப் பேச்சு. வெளியே வேலைக்குப் போகும் பிள்ளைகள் எந்த வீட்டில் இருக்கிறார்களோ, தோட்டத்து வீடு தோட்ட ஆட்களுக்குத்தான் என்று அந்த வீட்டை முதலில் காலி செய்யச் சொல்வார்களாம். போன மாதம் ஒருவன் வந்து வீட்டுக்கு வீடு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பின்னாலேயே கடைசி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அக்காவோடு இருக்கும் மகனோ பகாவில் கைப்பேசிக் கடையில் வேலை செய்கிறான்.

தங்க இடம் தேடுகிறேன் என்று சத்தியம் செய்தேன்.

"வேற எங்கயாச்சும் போவட்டும்" என்றார் கணவர்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கயோ ஒளிஞ்சிருந்து பாக்கறதுக்கு, நம்ம கண்ணு முன்னாலயே கெடக்கட்டும். ஹால்ல படுத்துக்க."

இப்படித்தான் எனக்கு வீடு கிடைத்தது. நான் ஹாலுக்குள் நுழைந்தால் டிவி சத்தம் கூடும், பேச்சு அடங்கும். ஒருநாள் என் பையில் துணிகள் வேறு விதமாக மடிந்திருந்தன. நானும் சளைத்தவன் இல்லை. சான்றிதழ்களைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் தூங்கினேன்.

சில நாள் கழித்து மானேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தே தாரே வரவழைத்துக் கொடுத்தார். அவர் எனக்கு டீ கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"லயத்துல பழகிட்ட போல. எந்தெந்த வீட்டுல வெளிவேல செய்யற புள்ளைங்க இருக்காங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு. எழுதவெல்லாம் வேணாம். வாயால சொன்னாப் போதும்."

"இங்க உள்ள ஆளுங்ககிட்டயே கேக்கலாமே சார்?"

"அவனுங்க எல்லாம் மாமன் மச்சான். ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ஒனக்கு இங்க யாரு இருக்கா?"

பகாவில் டிப்ளோமா முடித்த பையன்கள் இல்லையா என்ன? கெடாவிலிருந்து வந்தவனை எடுத்ததும், லயத்திலேயே தங்கு என்று சொன்னதும் இதற்காகத்தானா? நேர்முகத் தேர்வில் அவர் என் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்துத் தலையாட்டியதை ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். அவர் பார்த்தது புள்ளிகளையா, என் முகவரியையா? இன்றுவரை தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். டிவியை நிறுத்தினார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இத எங்ககிட்ட வந்து சொல்லச் சொன்னதும் அவருதானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

மறுநாள் காலை மானேஜரிடம் போனேன். "சார், எடை பதியற வேலைக்குத்தான் வந்தேன். அவங்க வீட்டு விஷயத்த என்னால சொல்ல முடியாது." இந்த வேலை போனால் அம்மா மறுபடி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போக வேண்டும். மானேஜர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சரி தம்பி. ட்ரையல் இன்னும் முடியல, தெரியும்ல?" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து அதையும் சொன்னேன். அக்கா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"ட்ரையல் முடியலன்னாரா?"

"ஆமாக்கா."

"இங்கயும் முடியல" என்றார் நிமிராமல். பிறகு, "சும்மாத்தான ஒக்காந்திருக்க, கிள்ளு" என்று பாதி நெத்திலியை என் பக்கம் தள்ளினார்.