எந்த ஊர் அறுப்பு?

கல்வராயன் மலையில் ஒன்பது ஆண்டுகளாக ஆஷா என்னும் கிராமச் சுகாதாரப் பணியாளராக இருக்கும் சாலம்மாள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். கையில் இருப்பது ஆறாவது நோட்டு. நான்கு குக்கிராமங்களின் கர்ப்பிணிகளும் அதில் இருக்கிறார்கள். ஆபத்துள்ள பெயர்களுக்கு எதிரே சிவப்பு வட்டம். இந்த ஆனியில் வட்டங்கள் ஐந்து. அவை அவளை உட்காரவிடுவதில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டிவிடுவாள்.

முதல் வட்டம் எழில்மதி. தலைப்பிரசவம், ரத்தத்தின் அளவு பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழரை கிராம். ஸ்கேன் எடுக்க இருமுறை அழைத்தும் மலையிறங்கவில்லை. இத்தகையவர்களைப் பத்து நாள் முன்பே சுகாதார நிலையத்தின் காத்திருப்பு அறையில் தங்கவைக்க வேண்டும். நோட்டின்படி அதற்கு இன்னும் மூன்று வாரம். அன்று காலை மாத்திரை கொடுக்கப் போனவள், எழில்மதியின் வயிறு இறங்கியிருப்பதைக் கண்டாள்.

“ஏண்டி, சாமை அறுப்பப்போதான் கடைசியா தூரமானேன்னு சொன்ன?”

“ஆமாக்கா. எங்கம்மா வூட்டுல அறுத்துக்கினு இருந்தாங்களே, அப்போ.”

சாலம்மாளுக்குக் கால் தரிக்கவில்லை. எழில்மதியின் தாய்வீடு அடிவாரத்தில். அங்கே ஆவணியிலேயே அறுத்துவிடுவார்கள்; இங்கே புரட்டாசிக் கடைசி. கடைசி மாதவிலக்கின் தேதி தெரியாதவர்களிடம் அறுப்பைக் கேட்டுப் பிரசவ நாளை எழுதுவது அவள் வழக்கம். எந்த ஊர் அறுப்பு என்று கேட்கத் தவறிவிட்டாள். விரல்விட்டு எண்ணினாள். நாள் நெருங்கியேவிட்டது.

“கிளம்பு பெரியம்மா, இப்பவே கீழ போகணும்.”

எழில்மதியின் மாமியார் சின்னப்பொண்ணு சிரித்தாள். “ஆடிலதான்னு நீயே சொன்ன. உன் நோட்டு தப்பாதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கினு திரிஞ்ச. இப்போ இன்னாத்துக்குப் பறக்குற? ஞாயித்துக்கிழமை எம்புள்ள வந்து இட்டுக்கினு போவான்.”

“நோட்டுதான் தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்.”

சாலம்மாள் அவள் கண்ணெதிரே தேதியை அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது. எழுத்தறியாத சின்னப்பொண்ணு அந்தக் கோட்டையே பார்த்தாள்.

“நீயா அடிச்ச?” என்று மட்டும் கேட்டுவிட்டு, துணிமணி எடுக்க உள்ளே போனாள்.

ஜீப் வருவதற்குள் சாலம்மாள் மூன்றுமுறை சாலைக்கு ஓடித் திரும்பினாள். மலைப்பாதையின் பாதி வளைவுகளைக் கடப்பதற்குள்ளேயே எழில்மதிக்கு வலி கண்டது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் தொட்டுப் பார்த்து, உடனே கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினார். ரத்தம் ஏற்றியபடியே பிரசவம் நடந்தது. பெண் குழந்தை; இரண்டு கிலோ முந்நூறு. தாயும் கண் திறந்தாள்.

“உக்காந்து டீயாவது குடிடி,” என்றாள் சின்னப்பொண்ணு.

சாலம்மாள் நின்றபடியே நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த நான்கு வட்டங்களில் இருவர் அடிவாரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருத்தியை அழைத்துக் கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

“ரம்யா, நீ சொன்னியே சாமை அறுப்பு, அது எந்த ஊரு அறுப்புடி?”