மலையின் இடது தோள்

வெட்டுக்கூடத்தில் அவனை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள். தோலுரித்துப் பிளந்த மாட்டின் பாதியைக் கொக்கியிலிருந்து இறக்கி, வலது தோளில் வாங்கி, குளிர்வண்டி வரை சுமப்பது அவன் வேலை. ரத்தம் முதுகில் வழிந்து இடுப்பில் உறைந்துபோகும். வேலை முடிந்ததும் கழுவிக்கொண்டு நேராக ஜிம்முக்குப் போவான். ஆணழகன் போட்டியில் ஜெயிக்கும் வெறி அவனுக்கு.

முதல் போட்டியில் முதுகைக் காட்டி நின்றபோது கூட்டம் சிரித்தது. நடுவர் ஒளிக்காமல் சொன்னார்: "முன்னாடி பார்த்தா ராஜா. பின்னாடி பார்த்தா ஒருபக்கம் சரிஞ்ச கொட்டகை."

கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் டிரப்பீசியஸ் தசை வலப்பக்கம் குன்றாகப் புடைத்திருந்தது, இடப்பக்கம் சப்பை. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடியை ஒரே குத்தில் நொறுக்கினான்.

அவன் மனைவி, கைகால் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையத்தில் வேலை செய்பவள். அவன் விரலிலிருந்து கண்ணாடிச் சில்லைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"தோளுக்கு என்ன பண்றீங்க?"

"பார்பெல் ஷ்ரக். ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுத் தோளைத் தூக்குறது, இருக்கிற வெயிட்டெல்லாம் மாட்டி."

"அதுல பலமான பக்கம்தான் தூக்கும். நோஞ்சான் பக்கம், பீரோ தூக்கும்போது சும்மா கை வச்சிட்டு வர்ற ஆள் மாதிரி கூடவே வரும்."

அவளே பயிற்சிகளை மாற்றினாள். ஒரு கையில் டம்பெல் பிடித்துத் தோளைக் காதுக்கு நேராகத் தூக்க வேண்டும், உருட்டக் கூடாது. முதலில் இடது, அது எத்தனை முறை தூக்குகிறதோ அத்தனையோடு வலதும் நிற்க வேண்டும். கனத்த எடையை இடது கையில் தொங்கவிட்டு நிமிர்ந்து நடக்க வேண்டும். நடு முதுகுக்கு, எடை கட்டிய கேபிளை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும்.

"பொறுமையா பண்ணுங்க" என்றாள். பொறுமைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். வேலையிலும் சுமையை இடது தோளுக்கு மாற்றினான்.

கொக்கியிலிருந்து வண்டிக்குப் போகும் குறுகிய நடைபாதையில் எல்லோரும் வலது தோளில்தான் சுமப்பார்கள். சுமை சுவர்ப் பக்கம் ஆடும். இடது தோளில் வைத்தால் தோலுரிப்பவர்கள் பக்கம் ஆடும். அவர்களில் மூத்தவர் முறைத்தார்.

"டேய் மலை, தோள் மாத்தாத. கையில கத்தி இருக்கு."

"நீங்க ஒதுங்கி நில்லுங்கண்ணே."

மறுநாள் ஈரத்தரையில் கால் வழுக்கியது. மாட்டின் பாதி சுழன்று அந்த அண்ணனின் முழங்கையில் மோதியது. கத்தி திரும்பி அவருடைய பெருவிரலையே சீவியது. துண்டு விரல் சாக்கடை ஓரம் உருண்டது. அவர் அதைப் பார்த்தார். மற்றக் கையால் இறைச்சிக் கொக்கியை எடுத்து மலையின் இடது தோளில் இறக்கினார்.

மலை விழவில்லை. தோளில் தொங்கும் கொக்கியோடு அவர் கழுத்தைப் பிடித்து இரும்பு மேசையில் மோதினான். தாடை உடைந்த சத்தம் கேட்டும் விடவில்லை. பல் தெறித்தது. கடைசியில் மற்றவர்கள் நாய்ச்சண்டையைப் பிரிப்பதுபோல் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிப் பிரித்தார்கள்.

மலையின் தோளில் ரத்தக்குழாய் தப்பியது; தசைக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டது. தைத்த டாக்டர், நரம்புக்கு மறுபடி உயிர் வருமா என்று காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். இருந்த சப்பைத் தசையும் வாடியது; தோள் தொங்கியது. சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக முடியாமல் அதைச் சுவரில் அடித்து உடைத்தான்.

மனைவி அவனைத் தன் நிலையத்துக்கு இழுத்துப் போனாள். அங்கே அந்த அண்ணன், கம்பி கட்டிய தாடையோடு, மிச்ச விரல்களால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். மலை திரும்பி நடந்தான்.

"இங்க ரெண்டு பேரும் எனக்கு நோயாளிங்கதான்" என்றாள் அவள், வாசலை மறித்து. "குப்புறப் படுங்க. தோளைக் காதுப் பக்கம் இழுங்க."

"எவ்வளவு வெயிட்?"

"உங்க கையே இப்ப உங்களுக்கு வெயிட்தான்."

தன்னைக் குத்தியவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்க உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்து இழுத்தான். வெறும் வேர்வைதான் வந்தது. மறுபடி இழுத்தான். பக்கத்தில் பந்தை அமுக்கும் சத்தம் நின்றது.

"அசையுது" என்றார் அண்ணன், திறக்காத வாயால்.

மலை அவரை நம்பவில்லை. மறுபடியும் இழுத்தான்.