வைகாசித் திருவாதிரைக்கு ஓர் அர்ச்சனை

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். இந்த வைகாசியில் போனது எனக்காக அல்ல. எனக்கு ரவிக்கை தைத்துத் தரும் செல்வராணி அக்காவுக்குத் துணையாகப் போனேன். இலங்கையில் வன்னிக்காரர், இங்கே அகதி முகாமில் இருக்கிறார். மகன் கதிரவனின் நட்சத்திரம் வைகாசித் திருவாதிரை. வருஷம் தவறாமல் அன்றைக்கு அர்ச்சனை செய்வார். இந்த முறை முழங்கால் வலி. "கூட வாறியா பிள்ளை?" என்று கேட்டார்.

திருப்பாதிரிப்புலியூரில் காலை 6.10-க்கு பஸ் ஏறினோம். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்கு 40 ரூபாய். இடப்பக்க ஜன்னல் வேண்டாம், வெயில் முகத்திலேயே அடிக்கும்.

புதுச்சத்திரம் தாண்டியதும் அக்கா தானாகவே பேச ஆரம்பித்தார். 2009 மே, முள்ளிவாய்க்கால். குண்டுக்குத் தப்பி வந்தவர்களிடம், புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று சிப்பாய்கள் சொன்னார்களாம். கதிரவனுக்கு அப்போது பத்தொன்பது.

"நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனான். பஸ்ஸில ஏத்தினவங்கள். அவன் திரும்பிப் பார்த்தவன்."

அந்த மே மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? டிவியில் போர்ச் செய்தி வந்தால், "ஐயோ, பார்க்க முடியல" என்று சேனலை மாற்றிக் கிரிக்கெட் பார்த்தேன். பிறகு ஆபீஸில் இனப்படுகொலை பற்றி வாய் கிழியப் பேசியதும் நான்தான். சீ என்றிருந்தது.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கீழ வீதிக்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார். ஜாஸ்தி என்றேன். "என்னாக்கா, அவுங்க நடக்க முடியாம நிக்கிறாங்க, பேரம் பேசினிருக்கீங்க. அறுபது குடுங்க, ஏறுங்க" என்றார்.

கோயிலில்தான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். கதிரவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் இத்தனை வருஷம் ஆயிற்றே, இனியாவது அக்கா மனசு ஆறட்டும் என்று, அவரைக் கேட்காமலேயே தீட்சிதரிடம் இறந்தவர்களுக்கு ஏற்றும் மோட்ச தீபம் பற்றி விசாரித்தேன். "இறந்த திதி என்ன?" என்று கேட்டார் அவர்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"திதியை ஆர் சொல்றது? நீயா? நான் உயிரோடதானே குடுத்தனான். செத்தவன் எண்டா, கொண்டுபோனவங்கள் வந்து சொல்லட்டும். அவங்கள் வாய் திறக்க முதல் நான் விளக்கேத்தினா, அவங்களை நானே தப்ப விட்ட மாதிரி."

பிறகு தீட்சிதரிடம் திரும்பி, "கதிரவன், திருவாதிரை. அர்ச்சனை செய்யுங்கோ ஐயா" என்றார்.

வெளியே வந்ததும், "உங்க மேல தப்பு இல்லக்கா" என்றேன்.

"தெரியும் பிள்ளை. எண்டாலும் குடுத்தது இந்தக் கைதானே."

போகிறவர்களுக்கு: பதினொரு மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் பிரகாரக் கல் சுடுவதற்கு முன்பே சுற்றிவிடுவது நல்லது. திரும்பி வராத ஒருவருக்காகப் போகிறவர்களோடு நீங்கள் துணைக்குப் போனால், நட்சத்திரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திதியைக் கேட்காதீர்கள்.