ஏலத்துக்குப் போன தாத்தா

மலேசியாவின் யோங் பெங் ஊரில் அர்ச்சுனனோடு சண்டை போடாதவர் என்று யாரையாவது காட்டினால், அவர் ஊருக்குப் புதிதாக வந்தவராக இருப்பார். ஆயுசில் பாதியைச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் கழித்த மனிதர். லாரியை விட்டு இறங்கிய பிறகும் அதன் ஹாரன் அவர் தொண்டையிலேயே தங்கிவிட்டது. கோப்பி ஆறிப்போயிருந்தால் கடைக்காரருக்கு அன்று அர்ச்சனை. கோயில் கமிட்டியில் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே தலைவரின் சட்டையைப் பிடித்துவிட்டு வெளியே வந்தார்.

இதெல்லாம் ஒத்திகைதான். உண்மையான போர் தம்பி கமலநாதனோடு.

கமலநாதன் கூலாய் டவுனில் மாடிவீடு கட்டிக்கொண்டு, தினமும் சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய் வேலை பார்க்கிறவன். அம்மா இருந்தவரை அண்ணனும் தம்பியும் வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா வீட்டில் படையல். கூடத்துச் சுவரில் தாத்தா சின்னத்தம்பியின் பெரிய படம். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மனிதர், பத்து பகாட் டவுன் ஸ்டூடியோ ஒன்றில் இரவல் கோட்டும் தலைப்பாகையும் போட்டு, ஒரு ஜமீன்தாரைப்போல உட்கார்ந்திருப்பார். கன்னத்துக்கு ரோஸ் வண்ணம் வேறு தீட்டியிருந்தார்கள். படத்தின் முன்னால் வாழையிலை போட்டு ஆட்டுக்கறி, வடை, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், சுருட்டு எல்லாம் வைத்துச் சூடம் காட்டுவார்கள். பிறகு தாத்தா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார்கள். அம்மா கதவைத் தட்டித் திறந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வரலாம்.

படம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் படையல். அந்த வீட்டுக்காரர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். அம்மா போனதும் சண்டை அங்கேதான் மூண்டது.

"நான் மூத்தவன். படம் என் வீட்டுக்குத்தான் வரணும்," என்றார் அர்ச்சுனன்.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலைஞ்சது யாரு? அப்ப மூத்தவரு எங்க போனாரு?" என்றான் கமலநாதன்.

கருமாதிப் பந்தலில், சாப்பிட்டுக்கொண்டிருந்த சனம் முழுக்கக் கேட்க நடந்த பேச்சு இது. அன்றோடு இருவரும் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். மறுநாள் அர்ச்சுனன் போய்ப் பார்த்தபோது கூடத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. தம்பி இரவோடு இரவாகப் படத்தைத் தூக்கிவிட்டான் என்று அவருக்கு வயிறு எரிந்தது. அதே சுவரை அன்று மாலை பார்த்த கமலநாதன், அண்ணன் தூக்கிவிட்டார் என்று முடிவு கட்டினான்.

இருவரும் தூக்கவில்லை. சாவு வீட்டுத் தீட்டு சாமி படங்கள்மேல் படக்கூடாது என்று, அம்மா இறந்த அன்றே பெண்கள் அவற்றைக் கழற்றி, கைலியில் சுற்றி, ஸ்டோர் ரூமில் வைத்திருந்தார்கள். தாத்தாவையும் சாமிகளோடு சேர்த்து வைத்துவிட்டார்கள். காரியங்கள் முடியும்வரை அண்ணனும் தம்பியும் பந்தலிலேயே கிடந்ததால் சுவரைக் கவனிக்கவில்லை. இதை யாரிடமாவது கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். கேட்பதற்கு இந்த இரண்டு பேருக்கும் வாய் வந்தால்தானே! அம்மா இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நாள் வந்தபோது, அர்ச்சுனன் ஸ்டோர் ரூமை எட்டிக்கூடப் பார்க்காமல், பழைய சாமான் எடுக்கும் லாரிக்காரனைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போ. ஒண்ணும் வேணாம்," என்று கத்தினார். லாரி அள்ளிக்கொண்டு போனது.

அந்த வருடத் தீபாவளிக்கு யார் வீட்டிலும் படையல் இல்லை.

இந்த வருடம் தீபாவளி நெருங்கும்போது, ஜொகூர் பாருவில் வேலை செய்யும் அர்ச்சுனனின் மகள் ஷர்மினி கைப்பேசியை நீட்டினாள். "அப்பா, இது நம்ம கொள்ளுத்தாத்தாதானே?"

ஒரு ஏலக்கடையின் விளம்பரம். பழைய கடிகாரங்கள், தொரைமார்களின் எண்ணெய் ஓவியங்கள், சீனக் குடும்பங்களின் மூதாதையர் படங்கள். அவற்றுக்கு நடுவே இரவல் கோட்டில் சின்னத்தம்பி. கீழே, 'பெயர் தெரியாத தமிழ்ப் பெரியவர், யோங் பெங் வீடொன்றிலிருந்து' என்று போட்டிருந்தது.

தாத்தாவைக் குப்பையோடு தள்ளிவிட்டது தான்தான் என்று அர்ச்சுனனுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய பயம், தம்பிக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்பது.

"சித்தப்பாவுக்கும் அனுப்பிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கிரலாம்லா," என்றாள் ஷர்மினி.

"உன்னை யாரு அனுப்பச் சொன்னா?" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஏலத்துக்கு முன்பு பொருட்களைப் பார்க்க ஒரு நாள் விட்டிருந்தார்கள். அர்ச்சுனன் சட்டைப் பையில் குங்குமமும் விபூதியும், ஒரு நெகிழிப்பையில் மல்லிகைச் சரமுமாகப் போனார். ஏலம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் சீனர்கள். செத்தவர் படம், அதுவும் பூசை வைத்த படம் என்றால் பந்தாங், ஆகாத பொருள் என்று தொடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. யாரும் பார்க்காத நேரத்தில் கண்ணாடிமேல் தாத்தாவின் நெற்றிக்குப் பட்டையடித்துப் பொட்டு வைத்தார். சரத்தைச் சட்டத்தில் மாட்டினார். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஊர் திரும்பினார்.

மறுநாள் ஏல மண்டபத்தில் முன்வரிசையில் கமலநாதன் உட்கார்ந்திருந்தான். அர்ச்சுனன் கடைசி வரிசைக்குப் போனார். தம்பி எழுந்து அங்கேயே வந்தான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அம்மா வீட்டைக் காலி பண்ணுனது நீங்கதானே? அப்ப தாத்தாவ வித்தது யாரு?"

"போய் உக்காருடா. வாயக் கிளறாத."

"வித்துட்டு, இப்ப வாங்கி நல்ல பேரு எடுக்கப் பாக்குறீங்களா?"

சின்னத்தம்பியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஏலம் விட்ட பெண்மணி பொட்டையும் மாலையையும் துடைக்கவில்லை. அவற்றைத்தான் முதலில் சுட்டிக்காட்டினார். "பாருங்கள், ஒரு குடும்பம் கும்பிட்ட படம் இது. அந்த அடையாளம்கூடக் கலையாமல் கிடைத்திருக்கிறது!" மண்டபத்தில் கழுத்துகள் நீண்டன. அதுவரை கைப்பேசியில் மூழ்கியிருந்தவர்கள் ஏலம் கேட்கும் எண் அட்டையைக் கையில் எடுத்தார்கள். அர்ச்சுனன் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளாத குறை.

அவர் அட்டையைத் தூக்கினார். கமலநாதன் தூக்கினான். தம்பிக்கு விடக்கூடாது என்று இவரும், அண்ணனுக்கு விடக்கூடாது என்று அவனுமாக ஏற்றிக்கொண்டே போனார்கள். மற்றவர்களைப் பார்க்கவே இருவருக்கும் தோன்றவில்லை. இவர் சக்தி தீர்ந்து கையை இறக்கினார். தம்பி வெற்றிச் சிரிப்போடு திரும்பிப் பார்த்தான். அப்போது பக்கவாட்டில் ஒரு சீன இளைஞன் அலட்டிக்கொள்ளாமல் அட்டையைத் தூக்கினான். கமலநாதனால் அதற்குமேல் போக முடியவில்லை. சுத்தியல் விழுந்தது.

ஜொகூர் பாரு பழைய கடைத்தெருவில் புதிதாகக் கோப்பிக்கடை திறக்கப்போகிறவனாம். சுவருக்குப் படம் வேண்டுமாம்.

தீபாவளிக்கு முந்தின நாள் அர்ச்சுனன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார். மடியில் ஒரு பை. அதில் வாழையிலை, மனைவி வைத்த ஆட்டுக்கறி, ஒரு ஸ்டவுட். கடையில் தாத்தா நடுச்சுவரில் இருந்தார். பொட்டு அப்படியே இருந்தது, மல்லிகை காய்ந்து தொங்கியது. கீழே பித்தளைத் தகட்டில் 'பெயர் தெரியாத தமிழ்ப் பெரியவர்' என்று வெட்டியிருந்தார்கள். படத்துக்கு நேர் கீழே இருந்த மேசையில் அவர் உட்கார்ந்தார்.

ஏலத்தில் இவரைக் கவனித்திராத கடைக்கார இளைஞன் கோப்பியை வைத்துவிட்டு மலாயில் கேட்டான். "அங்கிள், வந்ததிலேருந்து படத்தையே பாக்குறீங்க. இவரு யாருன்னு தெரியுமா?"

தெரியும் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று அர்ச்சுனனுக்குத் தெரியும். உங்கள் தாத்தாவை யார் குப்பையில் போட்டது என்று கேட்பான். அந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்க அவரால் முடியாது.

"தெரியாது," என்றார்.

"எனக்குத் தெரியும்," என்றது ஒரு குரல். வாசலில் கமலநாதன் நின்றான், கையில் வாழையிலைக் கட்டோடும் சோற்றுத் தூக்கோடும். "எங்க தாத்தா. பேரு சின்னத்தம்பி. ஒரு இலை போட்டுக்கலாமா?"

இளைஞன் பூரித்துப்போனான். தகட்டையே மாற்றிவிடுகிறேன் என்றான். மேசையைத் துடைக்க வந்தவன் அர்ச்சுனனைக் கண்டு தயங்கினான். "இந்த அங்கிளும் உங்க சொந்தமா?"

கமலநாதன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். அவர் மடியிலிருந்த பையையும் பார்த்தான்.

"தெரியாது," என்றான்.

அர்ச்சுனன் வாயைத் திறந்தார். வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்டவுடன் வந்த ஹாரன் வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து, மேசையை விட்டுக்கொடுத்தார். தம்பி இலையை விரித்துச் சோறு வைத்தான். படையல் வைத்தால் குடும்பத்தார் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதுதானே வழக்கம். அர்ச்சுனனும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

தட்டித் திறந்து கூப்பிட யாரும் வரவில்லை.